ஊர் நகரவில்லை, பல்கலைக்கழகம் மாறியது: செஞ்சிப் பக்கத்து கிரெடிட் கதை

செஞ்சிக் கோட்டை கை மாறிய கதை பலருக்கும் தெரிந்ததுதான். நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர் சுல்தானுக்கு, 1677இல் சிவாஜிக்கு, 1698இல் முகலாயருக்கு, 1750இல் பிரெஞ்சுக்காரருக்கு, 1761இல் ஆங்கிலேயருக்கு. மலை அசையவில்லை, கொடிதான் மாறியது. இந்த வட்டாரத்துக் கல்லூரிகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்!

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் விழுப்புரம் பகுதிக் கலைக் கல்லூரிகள் முதலில் இருந்தன. 2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ் போயின. 2021 பிப்ரவரியில் விழுப்புரத்திலேயே ஒரு தனிப் பல்கலைக்கழகம் அமைக்க ஜெயலலிதா பெயரில் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, அதை 1929இல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்தின் பக்கம் திரும்பின.

இப்படிக் கல்லூரியே பல்கலைக்கழகம் மாறும்போது மாணவருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. பொதுவாக, ஏற்கெனவே சேர்ந்தவர்கள் பழைய பல்கலைக்கழகத்தின் விதிப்படியே படித்து முடிப்பார்கள், புதிதாகச் சேர்பவர்கள் புதிய விதிக்குள் வருவார்கள். அரியர் வைத்தவர்தான் பழைய பாடத்திட்டத்தின் வினாத்தாளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் மாணவர் தானாக வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால்? அங்கேதான் கிரெடிட் கணக்கு வருகிறது.

கிரெடிட் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வர்ட் தலைவர் சார்லஸ் எலியட், மாணவர்கள் பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையைப் பரப்பினார். ஆளுக்கொரு பாடம் என்றானதும் படிப்பை அளக்க ஒரு பொது அளவு தேவைப்பட்டது. 1906 வாக்கில் கார்னகி அறக்கட்டளை பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தர முன்வந்தபோது, கல்வியை மணிக்கணக்கில் அளக்கும் முறையையும் நிபந்தனையாக வைத்தது. அறிவை அளக்க வந்த கோலுக்குப் பின்னால் ஓய்வூதியமும் இருந்தது என்பது வேடிக்கைதான். இந்தியாவுக்கு இந்த முறை பெரும்பாலும் வேளாண் பல்கலைக்கழகங்கள் வழியாக வந்தது. 1960இல் தொடங்கிய பந்த்நகருக்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் உதவியது.

தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் 2008-09 வாக்கில் விருப்பத் தேர்வு கிரெடிட் முறை பரவலானது. இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட். வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட் என்பது பொதுவான கணக்கு. செய்முறைக்கு இரண்டு மணி நேரம்.

மூன்று தடைகள்

முதல் தடை, பாதிக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கொண்டுவந்த கிரெடிட் வங்கி விதிப்படி, பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது 50 சதவீதம் படித்திருக்க வேண்டும். 140 கிரெடிட் படிப்பில் ஒருவர் 90 கிரெடிட்டோடு வந்தால், 70தான் செல்லும். மீதி 20 கிரெடிட் வீண். வங்கியில் போட்டதற்கும் பொதுவாக ஏழு ஆண்டு ஆயுள்தான்.

இரண்டாவது, கணக்கே வேறு. மானியக் குழுவின் 2022 வரைவுத் திட்டத்தில் மூன்றாண்டுப் படிப்புக்கு 120 கிரெடிட். அங்கே நான்கு பருவம் முடித்தவர் கையில் சுமார் 80 இருக்கும். 140 கேட்கும் இடத்தில் அதே மாணவரிடம் சுமார் 93 இருக்க வேண்டும். ஒழுங்காகப் படித்தவரே பின்தங்கியவர் ஆகிவிடுகிறார்!

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: பாடப் பொருத்தம். எண் சரியாக இருந்தாலும் பாடம் ஒத்துப் போக வேண்டும். தமிழ்நாட்டில் பகுதி 1 மொழிப் பாடம் உண்டு. வேறு மாநிலத்தில் அது இல்லாமல் படித்தவர் இங்கே வந்தால் மொழித் தாள்களைத் தனியாக எழுத வேண்டி வரலாம். செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள புதுச்சேரியிலும் ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம்தான். 1985இல் தனிப் பல்கலைக்கழகம் வந்த பிறகு, பேருந்தில் போய் வரும் தூரத்தில் இருந்தும் இரண்டு வேறு சட்ட உலகங்கள் ஆகிவிட்டன.

வரம்பு ஏன்?

பட்டச் சான்றிதழில் கையெழுத்திடுபவர் அந்த மாணவருக்குப் பொறுப்பேற்கிறார். தான் கற்பிக்காத ஒருவருக்குப் பட்டம் கொடுக்க எந்தப் பல்கலைக்கழகமும் தயங்கும். நியாயம்தான். ஆனால் வரம்பின் விலையைக் கட்டுவது மாணவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு ஒரு பருவம் திரும்பப் படிப்பது என்பது ஆறு மாதக் கட்டணம், விடுதிச் செலவு, வேலைக்குப் போகாத ஆறு மாதம். பலர் அங்கேயே படிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆகவே மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உண்டு. படித்த ஒவ்வொரு தாளின் பாடத்திட்டத்தையும் கல்லூரி முத்திரையோடு வாங்குவது. சேரப் போகும் பல்கலைக்கழகத்திடம் எத்தனை கிரெடிட், எந்தெந்தத் தாள் ஏற்கப்படும் என்பதை எழுத்தில் பெறுவது. வாய்ச் சொல்லை நம்பி டி.சி. வாங்கிவிட்டால் பழைய இடமும் இல்லை, புதிய இடத்தில் கணக்கும் இல்லை.

கோட்டையைப் பிடித்தவர்களில் பலர் அதை ஒதுக்கிவிடவில்லை, மேலும் வலுப்படுத்தினார்கள். மாணவரின் பழைய படிப்பையும் பல்கலைக்கழகங்கள் அப்படிப் பார்க்கப் பழகினால் நல்லது.