மலைத்தோட்டத்தில் மனநோய்ச் செலவு: கம்போங் ராஜாவை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

மலாயாத் தோட்டத் தொழிலாளரின் உடல்நல வரலாற்றைத் தொடும் எவரும் லெனோர் மாண்டர்சனின் 'சிக்னஸ் அண்ட் தி ஸ்டேட்' (1996) நூலைக் கடந்துதான் போகவேண்டும். காலனிய அரசும் தோட்ட முதலாளிகளும் மருத்துவத்துக்குச் செலவிட்டது உழைக்கும் கையைக் காப்பாற்றிக்கொள்ளவே என்பது அந்நூலின் அடிநாதம். மலேரியா, வயிற்றுப்போக்கு, பிரசவ மரணம் ஆகியவற்றில் இதை மறுக்க முடியாது. மனநோய்க்கும் இந்த வாசிப்பைப் பின்வந்தவர்கள் அப்படியே பொருத்திவிட்டார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. மனம் குலைந்த தொழிலாளியின் மருத்துவச் செலவைத் தோட்டம் முதலீடாகக் கருதியதே இல்லை. ஆளை வேறிடத்துக்கு நகர்த்தித் தீர்க்கும் செலவாகவே கருதியது. அந்தக் கணக்கின் வடிவம் இன்றும் கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் உயிரோடு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1911ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கூட்டு மலாய் மாநிலங்களில் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது அவ்வாண்டில்தான். கிந்தாப் பள்ளத்தாக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில். மாண்டர்சன் வழி வாசிப்பவர்கள் இரண்டையும் ஒரே கொள்கையின் இரு கிளைகளாகக் காண்பார்கள். பணம் எந்தத் திசையில் ஓடியது என்று பார்த்தால் இரண்டும் எதிரெதிரானவை. மலேரியா ஒழிப்பில் சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டினார்கள், கொய்னா கொடுத்தார்கள். தோட்டத்துக்குள்ளேயே செலவு செய்து ஆளைத் தோட்டத்திலேயே நிறுத்தினார்கள். தஞ்சோங் ரம்புத்தானோ தோட்டத்துக்கு வெளியே, அரசின் பொறுப்பில் இருந்தது. ஆளை அங்கே அனுப்பிவிட்டால் தோட்டத் துரையின் கணக்கில் அந்தப் பெயர் முடிந்தது. 1928இல் மத்திய மனநல மருத்துவமனை, 1971இல் ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா என்று பெயர்கள் மாறின. 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்' என்ற பேச்சு மட்டும் மலேசியத் தமிழர் வாயிலிருந்து போகவில்லை. அனுப்புதல் என்ற வினை அந்தப் பேச்சிலேயே நிலைத்துவிட்டது.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்பது தெரியும். வேலைக்கு உதவாதவரை அப்புறப்படுத்துவதும் உற்பத்திக்கான ஏற்பாடுதானே? அந்த மருத்துவமனையில் நோயாளிகளைத் தோட்ட வேலை, கைத்தொழில் என்று உழைக்கவும் வைத்தார்களே? இரண்டாவது கேள்வி மாண்டர்சன் தரப்புக்குப் பலமான சான்று, மறைக்கவில்லை. முதலாவதை ஏற்றால் அவருடைய கருத்து எதையும் விளக்காத கருத்தாகிவிடும். ஆளை வைத்துக்கொள்ளச் செய்த செலவும் ஆளைக் கழித்துவிடச் செய்த செலவும் ஒன்றே என்றால், தொழிலாளியின் வாழ்க்கையில் அவ்விரண்டும் உண்டாக்கிய வேறுபாட்டைச் சொல்ல நம்மிடம் சொல்லே மிஞ்சாது. ஒருவர் குணமாகி லயத்துக்குத் திரும்புகிறார், இன்னொருவர் திரும்புவதே இல்லை. இந்த வேறுபாட்டைக் கைவிட நான் தயாரில்லை.

குடியேற்ற நிதியும் இதையே காட்டுகிறது. 1907இல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதிக்கு, ஒவ்வொரு தென்னிந்தியத் தொழிலாளியும் வேலை செய்த நாள்களை எண்ணி முதலாளியிடம் வரி வாங்கினார்கள். தொழிலாளியின் ஒவ்வொரு நாள் உழைப்போடும் கட்டப்பட்ட பொதுப்பணம் அது. பெரும்பகுதி ஆள்கொண்டுவரும் செலவுக்குப் போயிற்று. வேலைக்கு ஆகாதவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பவும் அதிலிருந்தே எடுத்தார்கள். கொண்டுவரவும் திருப்பியனுப்பவும் காசு இருந்தது. இடையில், இருக்கும் இடத்திலேயே வைத்து மனத்தைத் தேற்றுவதற்கென்று அந்தக் கணக்கில் ஒரு பத்தி இல்லை. பிறகு தென்னிந்தியத் தொழிலாளர் நிதியான அப்பணம் 1999இல் தனிச் சட்டத்தால் கலைக்கப்பட்டது. தோட்டத் தமிழரின் உழைப்பிலிருந்து சேர்ந்த நிதி, தோட்டத் தமிழரின் மனநலத்துக்கு ஒரு தடவைகூடத் திட்டமிட்டுத் திறக்கப்படாமலே மூடிவிட்டது என்பதே என் கருத்து. நேரடிச் சான்று இங்கே மெலிந்தது. நிதியின் நோக்கங்களை வைத்து ஊகித்தே சொல்கிறேன். ஆயினும் இந்த ஊகத்தை நான் தளர்த்திக்கொள்ளப் போவதில்லை.

கேமரன் மலைக்கு வந்தால் முரண் கூர்மையாகிறது. 1885இல் வில்லியம் கேமரன் நில அளவை செய்த மேட்டுநிலம், 1920களின் நடுவில் ஜார்ஜ் மேக்ஸ்வெல் காட்டிய ஆர்வத்தால் மலைவாசத்தலமாக வளரத் தொடங்கியது. சமவெளி வெப்பத்தில் நரம்பு தளர்ந்த ஐரோப்பியர் ஏறிவந்து தேறிக்கொள்வது அதன் நோக்கங்களில் ஒன்று. 1929இல் போ, 1933இல் பாரத் என்று தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. வடமுனையில் கம்போங் ராஜாவை ஒட்டிப் புளூவேலி வந்தது. ஒருவரின் மனச்சோர்வுக்கு மருந்தாக மேலே ஏற்றிய அதே மலையிலிருந்து, இன்னொருவரின் மனச்சோர்வைக் கீழே இறக்கினார்கள். ஒரே குளிர், ஒரே மூடுபனி. செலவை ஏற்றவர்தான் வேறு.

காலனியக் கூலிக் கணக்கில் ஒரு நேர்மை இருந்தது என்பதையும் பதிய வேண்டும். 1920களின் இறுதியில் தரக்கூலி நிர்ணயித்தபோது எளிதில் சென்றடையும் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதிகளுக்கோ 58, 46. ஒதுக்குப்புறத்தில் வாழ்க்கைச் செலவு கூடும் என்று கூலியை நிர்ணயித்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். இன்றைய மருத்துவக் கட்டணப் பட்டியலில் தொலைவுக்கென்று ஒரு காசுக்கும் இடமில்லை.

அந்தப் பட்டியலைப் பார்ப்போம். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி, அரசு மருத்துவமனை நிபுணரைக் காண 5 வெள்ளி. இதை வைத்து 'மலேசியாவில் மனநல மருத்துவம் ஏறத்தாழ இலவசம்' என்று எழுதுவோர் உண்டு. கம்போங் ராஜாவிலிருந்து மாவட்ட மருத்துவமனை உள்ள தானா ராத்தா ஏறக்குறைய 25 கிலோமீட்டர், காய்கறி லாரிகளும் சுற்றுலா வண்டிகளும் அடைக்கும் வளைவுச் சாலை. பெரிய மனநல மருத்துவமனை வேண்டுமென்றால் சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கி உலு கிந்தாவுக்கே போகவேண்டும். அந்தச் சாலை இந்த நூற்றாண்டில்தான் பயனுக்கு வந்தது. அதற்கு முன் தாப்பா வழிதான். 2025இல் குறைந்தபட்சக் கூலி மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் 65 வெள்ளி சொச்சம். 5 வெள்ளி சீட்டுக்கு ஒரு நாள் கூலி போகிறது, வண்டிச் செலவு தனி. தனியாரிடம் போனால் ஈப்போ, கோலாலம்பூர் விலையில் ஒரு அமர்வு பெரும்பாலும் 150 வெள்ளிக்குக் குறைவதில்லை. 200 என்று கொண்டால் மூன்று நாள் உழைப்பு. பன்னிரண்டு அமர்வுக்கு 2,400, அதாவது ஒரு மாதக் கூலியைத் தாண்டி இன்னும் பத்து நாளுக்கு மேல். தனியார் மருத்துவரின் கட்டணத்துக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உச்சவரம்பு உண்டு. உளவியலாளர், ஆலோசகர் கட்டணத்துக்கு அந்த வரம்பு பொருந்தாது. மனநல ஆலோசனைக்கான வருமானவரிச் சலுகை 2022 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு அது காகிதச் சலுகை.

இனி, என்னை நெடுநாள் நிறுத்திவைத்த ஒரு சட்ட வாசகத்துக்கு வருகிறேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது: இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22, மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தால் 60 நாள். 2023 முதல் இந்த அறுபது, மற்ற விடுப்போடு சேர்த்துக் கழிக்கப்படாமல் தனியாக நிற்கிறது. விடுப்புக்குச் சான்று தரக்கூடியவர் முதலில் முதலாளி நியமித்த மருத்துவர், அவர் இல்லாதபோது பிற மருத்துவர்; பல் மருத்துவருக்கும் இடமுண்டு. உளவியலாளருக்கோ ஆலோசகருக்கோ இல்லை. பல்வலிக்கு எம்.சி. (நோய் விடுப்புச் சான்று) கிடைக்கும், மனத்தைப் பேசித் தேற்றிக்கொள்ளும் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்காது. முதலாளியின் பேனல் டாக்டரிடம் மனத்தைத் திறந்தால் தோட்டக் கிராணியின் (எழுத்தரின்) காதுக்கு எட்டுமோ என்ற அச்சமும் செலவுதான். விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தகுந்த காரணமின்றியோ, தகவல் தராமலோ, தொடர்ந்து இரண்டு வேலைநாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்ததாகக் கொள்ள 15ஆம் பிரிவு இடம்தருகிறது. படுக்கையிலிருந்து எழ முடியாமை நோயின் அறிகுறியாக இருக்கும் ஒருவருக்கு இவ்விரண்டு பிரிவுகளும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதே 60எஃப்புக்குள் ஒரு காப்புரை இருக்கிறது. மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அளவுக்கு ஒருவர் நோயுற்றிருப்பதாக மருத்துவர் சான்றளித்து, எக்காரணத்தாலோ அவர் சேர்க்கப்படவில்லை என்றால், அவர் சேர்க்கப்பட்டதாகவே கொள்ளவேண்டும் என்கிறது அது. எக்காரணத்தாலோ: படுக்கை இல்லாததால், தொலைவால், குடும்பத்தைப் பிரிய மனமில்லாததால். நூறாண்டுத் தோட்டச் சட்டத்தில், ஆளை அனுப்பாமலே செலவை முதலாளி ஏற்கும் வழி எனக்குத் தென்பட்ட ஒரே இடம் இது. கடும் மனச்சோர்வில் லயத்து வீட்டிலேயே இருந்து வாரந்தோறும் ஆலோசனை பெறும் கொழுந்து பறிக்கும் பெண், இவ்வாசகப்படி 60 நாள் சம்பளத்துக்கு உரியவர் என்று வாதிட முடியும். உடல்நோயை மனத்தில் வைத்தே இதை எழுதினார்கள் என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் வாசகம் உடலென்றும் மனமென்றும் பிரிக்கவில்லை. பிரிக்காத இடத்தில் நாமாகப் பிரித்துத் தொழிலாளியின் உரிமையைக் குறைக்க வேண்டாம். இக்காப்புரை சட்டத்தில் ஏறிய ஆண்டை என்னால் தீர்த்துச் சொல்ல இயலவில்லை. 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்திருக்கலாம், அதற்கு முந்தைய வடிவம் ஒன்று இருந்திருக்கவும் கூடும். முந்தையது என்றால் தோட்ட ஆஸ்பத்திரியும் டிரசரும் இருந்த காலத்துக்காக எழுதப்பட்டது, பிந்தையது என்றால் அவை மறையத் தொடங்கிய காலத்துக்காக. பொருள் அதற்கேற்ப மாறும்.

2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது, 2011இல் மெந்தாரி சமூக மனநல மையங்கள் தொடங்கின, 2022இல் 15555 என்ற இலவசத் தொலைபேசி வந்தது, 2023இல் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்றாயிற்று. எல்லாம் நல்லவை, ஊரறிந்தவை. ஆனால் தேயிலைக்காட்டில் இன்று பெரும்பான்மை வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள். அவர்களிடம் நிபுணர் சீட்டு 5 வெள்ளிக்குப் பதில் 120. வெளிநாட்டுத் தொழிலாளருக்காக 1997இல் தொடங்கிய ஃபோமெமா மருத்துவச் சோதனையில் மனநோய், ஆளைத் தகுதியற்றவராக்கும் நிலைகளின் பட்டியலில் இருக்கிறது. சிகிச்சை கேட்டுப் போனவருக்குப் பெர்மிட் போகலாம். குடியேற்ற நிதியின் கப்பல் இப்போது விமானமாகியிருக்கிறது. மாண்டர்சன் தன் நூலை 1940இல் நிறுத்தாமல் இதுவரை நீட்டியிருந்தால் மனநோயைத் தனி அத்தியாயமாகப் பிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

காப்புரையின் தேதிச் சிக்கலைத் தீர்க்கத் தோட்டச் செக்ரோல் (வருகைப் பதிவு) ஏடுகளே வழி. வராத நாளுக்கு எதிரே எம்.சி., ஆஸ்பத்திரி, வராதவர் என்று குறிக்கும் பத்தியில், வீட்டிலிருந்தபடியே ஆஸ்பத்திரிச் சம்பளம் பெற்ற பெயர் ஒன்று 1980க்கு முன்னோ பின்னோ அகப்பட்டால், சட்ட வாசகத்தை வைத்து நான் இங்கே கட்டிய வாதம் வழக்கத்தின் சான்றையும் பெறும். அகப்படாவிட்டால் மாண்டர்சனோடு என் கருத்து வேறுபாடு 1911க்கும் குடியேற்ற நிதிக்கும் மட்டும் செல்லும். 60எஃப் பற்றிச் சொன்னதைச் சட்டவாதமாக மட்டுமே கொள்ளவேண்டும்.