காப்லன் கூட்டறிகுறி

முடக்குவாதம் உள்ள ஒருவர் தொழிலிடத் தூசை நெடுங்காலம் சுவாசித்து, அதனால் அவர் நுரையீரலில் உருண்டையான முடிச்சுகள் தோன்றுவதைக் காப்லன் கூட்டறிகுறி என்பார்கள். மருத்துவர்கள் பேச்சில் காப்லன் சிண்ட்ரோம்.

இது தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களில் அடையாளம் காணப்பட்டது. சுரங்கத் தொழிலாளரின் தூசு நோய்க்குப் பிரிட்டனில் 1943 முதல் இழப்பீடு உண்டு. யாருக்கு நோய், எந்த அளவு என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லக் கார்டிஃபில் ஒரு மருத்துவக் குழு இயங்கியது. ஆந்தனி காப்லன் அதில் பணியாற்றினார். வழக்கமான தூசு நோயில் பொடிப் புள்ளிகள் ஆண்டுக்கணக்கில் மண்டி, நுரையீரலின் மேற்பகுதியில் ஒழுங்கற்ற திரளாகும். ஆனால் சிலருடைய படத்தில் பொடிப் புள்ளிகள் சொற்பம். ஓரங்களிலோ அரை முதல் ஐந்து செ.மீ. வரை அகலமான உருண்டைகள் மளமளவென்று முளைத்திருந்தன. இப்படிப்பட்ட படம் முடக்குவாதக்காரர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. முடக்குவாதம் உள்ள 51 சுரங்கத் தொழிலாளர்களில் 13 பேருக்கு இந்த உருண்டைகள் இருந்ததைக் காப்லன் 1953இல் 'தோராக்ஸ்' இதழில் எழுதினார். இழப்பீட்டுக்காக எக்ஸ்ரே நிழல்களை அளந்துகொண்டிருந்த இடத்தில் மூட்டையும் சேர்த்துப் பார்த்ததுதான் இதில் பெரிய காரியம். பெல்ஜிய மருத்துவர் கொலினேயும் ஏறக்குறைய அதே காலத்தில் இத்தொடர்பைப் பதிவு செய்ததால், பிரெஞ்சு நூல்களில் இருவர் பெயரும் இணைந்தே வரும்.

முடிச்சின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கார்டிஃப் நோயியலாளர் ஜெத்ரோ கஃபும் அவர் குழுவினரும் 1955இல் காட்டினர். குறுக்கே வெட்டினால் கருப்பும் வெளுப்புமாக மாறிமாறி வளையங்கள், வெட்டுமரத்தில் தெரிவதுபோல. கருப்பு வளையம் தூசு; வெளுப்பு வளையம் செத்த திசு. சுற்றிலும் அழற்சி அணுக்கள். முடக்குவாதக்காரரின் முழங்கையில் தோலடியில் திரளும் முடிச்சுக்கும் இதற்கும் அமைப்பில் நெருங்கிய உறவு. இங்கே தூசு கூடுதல், அவ்வளவே. தூசின் அளவு மட்டுமே நோயைத் தீர்மானிக்கிறது என்ற கணக்கு இத்துடன் தள்ளாடியது.

மூட்டு வலியே இல்லாதவரின் ரத்தத்திலும் முடக்குவாதக் காரணி என்ற எதிர்ப்பொருள் இருக்கக்கூடும், அவருக்கும் இம்முடிச்சுகள் வரலாம் என்று காப்லனும் உடன் ஆய்வாளர்களும் 1962இல் வரையறையை விரித்தனர். சிலருக்கு நுரையீரல் முடிச்சு முதலில் வரும். மூட்டு வீக்கம் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

நிலக்கரியோடு இது நிற்கவில்லை. வார்ப்பாலைகளிலும், சிலிக்கா, கல்நார்த் தூசு உள்ள பிற தொழில்களிலும் கண்டறியப்பட்டது. சிலிக்காத் தூசே முடக்குவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, புகைபிடிப்பவருக்கு இன்னும் கூடுதலாக, என்பது பின்னர் தெரியவந்தது. ஆக, தூசுக்கு இங்கே வெறும் துணைப் பாத்திரமில்லை.

முடிச்சுகள் சில நேரம் குழிவிடும், சுண்ணாம்பேறும், தானே மறைவதும் உண்டு. எக்ஸ்ரேயில் இவை காசநோய் போலவும் புற்றுநோய் போலவும் தோன்றுவதால், அவ்விரண்டும் இல்லை என்று உறுதிசெய்வதே முதல் வேலை. தொந்தரவு தராத முடிச்சுகளுக்கெனத் தனி மருந்து தேவைப்படுவதில்லை. மூட்டுக்கு வைத்தியம் தொடரும், தொழிலாளி தூசிலிருந்து விலக வேண்டும்.