இசைக்கலைஞர்களின் தன்விளம்பரமும் ஒலிப்பதிவு விற்பனையும்

இசைக்கலைஞர்களின் தன்விளம்பரம் என்பது பாடகர், வாத்தியக் கலைஞர், கூத்துக் குழுவினர் முதலியோர் தமது ஒலிப்பதிவுகளை மக்களிடம் கொண்டு செல்லத் தாமே மேற்கொள்ளும் முயற்சிகளைக் குறிக்கும். மேடைக் கச்சேரி, சுற்றுப்பயணம், சுவரொட்டி, துண்டறிக்கை, இணைய வழிச் செய்திகள் ஆகியன இதில் அடங்கும். இம்முயற்சிகள் இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு ஆகியவற்றின் விற்பனையை எந்த அளவுக்கு உயர்த்துகின்றன என்பது சந்தையியலிலும் பொருளியலிலும் ஆராயப்படும் கேள்வியாகும். தமிழ்நாட்டில், குறிப்பாக விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கோயில் விழாப் பகுதியில், மேடை ஒலிப்பதிவை விற்றதைக் காட்டிலும் ஒலிப்பதிவு மேடைக்கு விளம்பரமாக அமைந்ததே மிகுதி எனலாம்.

இசைத்தட்டுக் காலம்

1902 ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தபோது, பாடகி கௌகர் ஜான் பாடலின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டுகள் செருமனியின் ஹனோவர் நகரில் அச்சிடப்பட்டமையால், அங்கிருந்தவர்கள் பாடியவரை அடையாளம் காண இவ்வறிவிப்பு தேவைப்பட்டது என்பர். காரணம் எதுவாயினும், தட்டைக் கேட்டவர் அனைவரும் பாடகியின் பெயரையும் கேட்டனர். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடங்களே கிடைத்த காலத்தில் அது சிறிய செலவன்று.

தமிழகத்தில் தட்டு விற்பனையைத் தாங்கி நின்றது நாடக மேடையாகும். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சாராமல், தனித்தனியே ஒப்பந்தமாகி ஓர் இரவுக்கு ஒன்றுகூடி நடிப்பர். ஆகையால் நோட்டீசில் நாடகத்தின் பெயருக்கு நிகராக நடிகரின் பெயரும் அச்சிடப்பட்டது. எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933), கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) ஆகியோரின் தட்டுகளை வாங்கியோரில் பலர் அவர்களை மேடையில் கேட்டவர்கள்; மேடைக்கு வந்தோரில் பலர் தட்டில் கேட்டவர்கள். காரைக்குடியில் தந்தையின் கடையில் இசைத்தட்டு விற்றுவந்த ஏ. வி. மெய்யப்பன், 1932 இல் பங்குதாரர்களுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கித் தட்டுத் தயாரிப்பிலும் இறங்கினார். பிற்காலத்தில் இவர் திரைப்படத் தயாரிப்பாளராகப் புகழ்பெற்றார்.

ஒலிநாடாவும் கோயில் விழாவும்

1980களில் ஒலிநாடா பரவியபோது பெரிய தட்டு நிறுவனங்களின் பிடி தளர்ந்தது. குறைந்த முதலில் சில நூறு பிரதிகளைக்கூட வெளியிட முடிந்ததால், ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரிய தெய்வத்தின் பாடல்களும் விற்பனைக்கு வந்தன.

விழுப்புரம் மாவட்டம் 1993 இல் தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இம்மாவட்டத்தில் அமாவாசை தோறும் ஊஞ்சல் உற்சவம் நடைபெறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில், பௌர்ணமிக்குக் கூட்டம் கூடும் திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயில், திண்டிவனத்தை அடுத்த மயிலம் முருகன் கோயில் ஆகியன உள்ளன. இத்தகைய கோயில்களின் கடைத்தெருவில் ஒலிநாடாக் கடை, பூக்கடையைப் போலவே வழக்கமான ஒன்றாக இருந்தது. கடைக்காரர் ஒலிபெருக்கியில் ஒரு நாடாவை ஓட விடுவார். நடந்து செல்பவர் நின்று கேட்டு வாங்குவார். பாடகர் அங்கு இல்லாதபோதும் அவருக்கான விளம்பரம் நாள் முழுவதும் நடந்தது.

இதன் பயன் ஆடி மாதத்தில் தெரியும். ஊர் விழாக்குழு கச்சேரிக்கு ஆள் தேடும்போது, ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய குரலையே முதலில் நினைக்கும். திரைப்படப் பின்னணிப் பாடகியான எல். ஆர். ஈஸ்வரி அம்மன் பாடல்களின் வழியாகக் கோயில் விழா மேடைகளில் நீண்ட காலம் நிலைபெற்றது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பாடகருக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு முறை மட்டும் ஊதியம் கொடுத்து முடித்துவிடுவது பரவலான வழக்கமாதலால், எத்தனை நாடா விற்றாலும் அவருக்கு அதனால் கூடுதல் பணமில்லை. விற்பனையின் பலன் அடுத்த விழாவின் அழைப்பாகவே அவரை வந்தடைந்தது.

தெருக்கூத்துக் குழுக்களின் நிலை இன்னும் தெளிவானது. செஞ்சி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து இரவு முழுவதும் நடைபெறும். குழுவின் வருவாய், அச்சாரம் கொடுத்து அழைக்கும் ஊர்களிலிருந்தே வருகிறது. கூத்தின் ஒளிக்குறுந்தகடுகளும் பின்னர் யூடியூபில் ஏறிய காட்சிகளும் குழுவுக்கு நேரடியாகப் பெரும் பணம் தருவதில்லை. எனினும் கர்ணன் வேடம் கட்டுபவரின் குரலைக் கேட்டு அயல் மாவட்டத்து ஊரார் தொடர்பு கொள்ள அவை வழி செய்கின்றன.

ஆய்வுகள்

தன்விளம்பரத்தின் விளைவை அளப்பது எளிதன்று. புகழ்பெற்றவரே மிகுதியாக விளம்பரம் செய்கிறார், அவரே மிகுதியாக விற்கவும் செய்கிறார் என்றால், எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிய வேண்டியுள்ளது. ஹைலியாங் சென், பிரபுத்த டே, ஜெஃப்ரி ஹூ ஆகியோர் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, மைஸ்பேஸ் தளத்தில் கலைஞர்கள் இட்ட செய்திகளை அமேசான் விற்பனைத் தரவரிசையோடு ஒப்பிட்டது. கலைஞர் தாமே எழுதிய செய்திகள் விற்பனைக்கு உதவின. தானியங்கியாக அனுப்பப்பட்டவை அந்த அளவுக்கு உதவவில்லை.

ஜூலி மார்ட்டிமர், கிறிஸ் நாஸ்கோ, ஆலன் சோரென்சென் ஆகியோரின் 2012 ஆம் ஆண்டு ஆய்வு, இணையக் கோப்புப் பகிர்வால் இசைத்தொகுப்பு விற்பனை குறைந்தாலும், அதிகம் அறியப்படாத கலைஞர்களின் மேடை நிகழ்ச்சிகளுக்குத் தேவை கூடியதாகக் காட்டியது. இவ்வாய்வு அமெரிக்கச் சந்தையைப் பற்றியது. எனினும் மேல்மலையனூர் கடைத்தெருவை அறிந்தவருக்கு இம்முடிவு வியப்பளிக்காது.

உரிமையும் வருவாயும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 இல் செய்யப்பட்ட திருத்தம், நிகழ்த்துகலைஞருக்கு ஒலிப்பதிவின் வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகை பெறும் உரிமையை வலுப்படுத்தியது. இதையொட்டி 2013 இல் இந்தியப் பாடகர் உரிமைச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. ஆயினும் எழுத்து வடிவ ஒப்பந்தமே இல்லாமல் பாடிய வட்டாரக் கலைஞர், எந்த நாடாவில் தம் குரல் உள்ளது என்று நிறுவுவதே கடினமான செயலாகும்.

பெரும் புகழும் வருவாய்க்கு உறுதியளிப்பதில்லை. தீ, அறிவு ஆகியோர் பாடி 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாயி எஞ்சாமி' பாடல் யூடியூபில் பல கோடிப் பார்வைகளைப் பெற்றது. அப்பாடலால் தமக்கு வருவாய் ஏதும் கிடைக்கவில்லை என இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 இல் பொதுவெளியில் தெரிவித்தார்.

2019 இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை சேவை, 12 மாதங்களில் 1000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாடல்களுக்கு உரிமைத்தொகை கணக்கிடுவதில்லை என்ற விதியை 2024 முதல் நடைமுறைப்படுத்தியது. ஓர் ஊர்த் தெய்வத்தைப் பற்றி மட்டும் பாடும் கலைஞர் இந்த எல்லையைத் தாண்ட வேண்டுமானால், பாடலின் இணைப்பை விழாவுக்கு வருவோரிடம் தாமே கொண்டு சேர்க்க வேண்டியுள்ளது.