சந்தப் படப்புத்தகம்

சந்தப் படப்புத்தகம் என்பது ஓசை இயைந்த சிறுசிறு வரிகளும் பக்கத்துக்குப் பக்கம் படமுமாக அமைந்த குழந்தை நூல். பெரியவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பதற்காக எழுதப்படுவது. எழுத்து அறியாத வயதில் சொல்வளத்தையும் ஒலியுணர்வையும் வளர்க்கும் சிறந்த வழிகளுள் இதைப் பகிர்ந்து படிப்பதும் ஒன்று.

முக்கிய நூல்கள்

டாக்டர் சூஸ் என்ற பெயரில் எழுதிய அமெரிக்கர் தியோடர் கைசல், 1957இல் 'தி கேட் இன் த ஹேட்' நூலை வெறும் 236 சொற்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எழுதினார். 1960இல் வெளியான 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' நூலுக்கு 50 சொற்களே போதுமாயின. ஜூலியா டொனால்ட்சன் எழுதி ஆக்செல் ஷெஃப்லர் படம் வரைந்த 'தி கிரஃபலோ' 1999இல் பிரிட்டனில் வெளிவந்தது. நரியும் புலியும் வரும் ஒரு சீனக் கதையே இதற்கு மூலம். 'டைகர்' என்ற சொல்லுக்கு இயைபு அமையாததால், டொனால்ட்சன் கிரஃபலோ என்ற புது விலங்கையே படைத்தார்.

ஆய்வுகள்

பிரிட்டன் ஆய்வாளர்கள் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரயன்டும் 4, 5 வயதுக் குழந்தைகள் சுமார் 400 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1983இல் முடிவுகளை வெளியிட்டனர். படிக்கத் தொடங்கும் முன்பே ஒத்த ஓசைகளை இனங்காண முடிந்த பிள்ளைகள் பின்னாளில் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னின்றனர். ஓசைப் பயிற்சியோடு எழுத்துகளையும் காட்டியபோது பயன் இன்னும் கூடியது. அமெரிக்காவில் கிரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் கேள்வி கேட்டுப் பேசிப் படித்தால் இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பேச்சு ஒரே மாதத்தில் முன்னேறுவதைக் காட்டியது.

படிக்கும் முறை

குழந்தைக்குப் பழகிய நூலில், இயைபுச் சொல் வரும் இடத்தில் சற்று நிறுத்த வேண்டும். 'குட்டிப் பூனை எழுந்தது, கூடை சாய்ந்து...' என்று படித்து நிறுத்தினால், உருண்ட கூடையைப் படத்தில் பார்க்கும் குழந்தை 'விழுந்தது' என்று தானே முடிக்கும். வரியின் ஓசையும் படமும் சேர்ந்து அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கின்றன. பிறகு 'ஏன் விழுந்தது?' என்று கேட்டுப் பேச்சை வளர்க்கலாம். குழந்தை ஒரே நூலை மறுபடி மறுபடி கேட்டால் மறுக்கக் கூடாது. புதுச்சொல் மனத்தில் பதிவது அப்படித்தான்.

தமிழில்

தமிழில் வரியிறுதி ஓசை பெரும்பாலும் வினைமுற்றில் அமைவதால், பாட்டைக் கேட்கும் குழந்தை காலம் காட்டும் இடைநிலைகளையும் பால், எண் காட்டும் விகுதிகளையும் சேர்த்தே பழகுகிறது. எதுகையும் மோனையும் கூடுதல் ஒலிப்பயிற்சி தருகின்றன. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் (1876–1954) அழ. வள்ளியப்பாவும் (1922–1989) இத்துறைக்கு வலுவான பாட்டு மரபைத் தந்தவர்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழ் உட்படப் பல மொழிகளில் படப்புத்தகங்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' இணையத்தளம் 2015 முதல் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக அளிக்கிறது. புத்தகம் வாங்க வசதியில்லாத வீட்டிலும் அங்கன்வாடியிலும் இவற்றைச் செல்பேசியில் திறந்து குழந்தையோடு சேர்ந்து படிக்கலாம்.