அசனமும் சபைப் பண்டிகைகளும் (திருநெல்வேலி)

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் உள்ள தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) சபைகள் ஞாயிறு ஆராதனைக்குப் புறம்பே ஆண்டு முழுவதும் பல கூடுகைகளை நடத்துகின்றன. ஊர் விருந்தாகிய அசனம், அறுப்பின் பண்டிகையும் அதன் ஏலமும், குருத்தோலைப் பவனி, கிறிஸ்மஸ் கீத பவனி, ஓய்வுநாள் பள்ளிப் போட்டிகள், ஐக்கிய சங்கங்களின் சுற்றுலா ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றுக்கு ஆராதனை முறைநூலில் பெரிய இடம் கிடையாது. ஆனால், பிழைப்புக்காக மும்பைக்கும் சென்னைக்கும் போனவர்களை ஊருக்கு வரவழைப்பவை இவைதான்.

கத்தோலிக்க ஊருக்குக் கொடியேற்றம், நவநாள், சப்பரம் உண்டு. பக்கத்து இந்து ஊருக்கு அம்மன் கொடையோ சுடலைமாடன் கொடையோ உண்டு. சீர்திருத்த மிஷனரிகள் புனிதர் விழாவைக் கொண்டுவரவில்லை. கொடையையும் அதோடு வந்த வில்லுப்பாட்டு, சாமியாட்டம், படைப்பு எல்லாவற்றையும் விலக்கினார்கள். அவர்கள் தந்தவை ஜெபப் புத்தகம், பள்ளிக்கூடம், கோயில் மணி. ஊர் கூடிச் சமைத்து உண்ணும் ஒரு நாள் வேண்டும் என்ற ஆசை அதனால் போய்விடவில்லை. பிரதிஷ்டை நாள், அறுப்பு, ஸ்தோத்திரம் என்று வேதத்துக்கு இசைந்த பெயர்களில் மக்கள் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தப் பண்டிகைகளை வெள்ளைக்காரன் கொடுத்த வழக்கம் என்று ஒதுக்குவதும், கொடையின் மறுபெயர் என்று முடித்துவிடுவதும் ஒரே அளவுக்குப் பிழையானவை.

பின்னணி

பாளையங்கோட்டையில் 1785இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்த சிற்றாலயம், தஞ்சையிலிருந்து வந்த பிராமண விதவையான கிளாரிந்தா அம்மாளின் முயற்சியால் எழுந்தது. 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்றால் இன்றும் ஊர் அறியும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்குச் சொந்த ஊர்களில் தொல்லை மிகுந்தபோது, 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவாகக் காரணமானார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் அதே வழியை விரிவாக்கினார். அவர் அமைத்த தர்ம சங்கம் நிலம் வாங்கிப் புதுக் குடிகளை அமர்த்த உதவியது. டோனா என்னும் ஜெர்மானியப் பிரபு அளித்த பணத்தில் அமைந்ததால் டோனாவூருக்கு அந்தப் பெயர் வந்தது.

இந்தக் குடியிருப்புகளில் ஊரும் சபையும் ஒன்றே. தெரு கோயிலிலிருந்து பிரியும். பள்ளிக்கூடம் கோயில் வளாகத்திலேயே இருக்கும். குருவானவரை 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் அழைப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்து பேசும் ஆட்களே சபைக் கமிட்டியிலும் உட்கார்வார்கள். ஆகவே சபை நடத்தும் விருந்து ஊர் விருந்தாகவும், சபை போகும் பயணம் ஊர்ப் பயணமாகவும் ஆகிவிடும். நகரச் சபைகளில் இப்படி இல்லை. அங்கே பண்டிகை என்பது பல தெருக்களில் சிதறிக் கிடப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளும் நாள்.

நிர்வாக வரலாறு சுருக்கமானது. திருநெல்வேலி தனிப் பேராயமானது 1896இல். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் இணைந்தது. 2003இல் தூத்துக்குடி–நாசரேத் பேராயம் பிரிந்தது. பேராயம் பிரிந்தாலும் பண்டிகைக்குச் சொந்தபந்தங்கள் எல்லை தாண்டி வந்து போவது நிற்கவில்லை.

அசனம்

பெரும்பாலும் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டியே அசனம் நடக்கும். கோயில் எந்த நாளில் பிரதிஷ்டை செய்யப்பட்டதோ அந்த நாளை வைத்துத் தேதி குறிப்பது மரபு. வெளியூர்ப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை உத்தேசித்துப் பல ஊர்கள் அதை மே மாதத்துக்குத் தள்ளிக்கொண்டன. முந்தின இரண்டு மூன்று நாட்கள் கன்வென்ஷன் கூட்டம், பண்டிகையன்று விடியற்காலை ஆராதனை, திருவிருந்து, பிறகு ஞானஸ்நானம், திடப்படுத்தல் என்று நிகழ்ச்சிகள் தொடரும். சாப்பாடு நடுப்பகலில் இருக்கலாம், மாலையிலும் இருக்கலாம். அது ஊருக்கு ஊர் வேறுபடும்.

செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு தொகை, வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் என்று வைக்கும் ஊர்களும் உண்டு. வரிக்கு மேல் அரிசி மூடை, ஆட்டுக்கிடா, தேங்காய், எண்ணெய் என்று உபயம் வரும். மகனுக்கு வேலை கிடைத்தது, மகள் பிரசவம் நல்லபடியாக முடிந்தது என ஒவ்வொரு உபயத்துக்குப் பின்னும் ஒரு ஸ்தோத்திரக் காரணம் இருக்கும். அது ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். வாசிக்க விட்டுப்போனால் வரும் மனத்தாங்கல் சேகரத் (ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளின்) தேர்தல் வரைக்கும் நீளக்கூடும் என்பதால், அந்தப் பட்டியலை எழுதும் செயலர் அரிசிக் கணக்கை விட அதில்தான் அதிகக் கவனமாக இருப்பார்.

சமையல் முந்தின நாள் மாலையே தொடங்கிவிடும். கோயில் வளாகத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் அரிவார்கள், வெங்காயம் உரிப்பார்கள். தரையில் நீளமாகக் குழி வெட்டி, இரு பக்கமும் செங்கல் அடுக்கி அடுப்புக் கூட்டுவது ஆண்கள் வேலை. உடைமர விறகும் பனைமட்டையும் எரியும். சோறு வெந்ததும் கஞ்சியை வடித்து, வெள்ளை வேட்டி விரித்த ஓலைப்பாயில் கொட்டுவார்கள். அண்டா அண்டாவாகக் கொட்டக் கொட்ட, ஆவி பறக்கும் சோறு இடுப்பளவு குவியும். ஐயர் வந்து சோற்றின்மேல் ஜெபம் பண்ணுகிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. ஜெபம் முடிந்ததும் இளவட்டங்கள் நார்ப்பெட்டியிலும் கடவத்திலும் சோற்றை அள்ளிக்கொண்டு பந்திக்கு ஓடுவார்கள். பெட்டியில் அள்ளும் சோறு உதிரியாகவே இருக்கும்; எவர்சில்வர் வாளியில் அடைத்தால் குழையும். பனைத் தொழில் குறைந்து பெட்டி முடைபவர்கள் அருகிப்போனதால், வாளிக்கு மாறிய சபைகள் ஏராளம்.

குழம்பு வகை ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் ஆட்டுக்கறிக் குழம்பு. வேறு சில இடங்களில் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் மாங்காயும் போட்ட சாம்பார், கூட்டு, ரசம். கல்யாண வீட்டுச் சாம்பாரை விட அசனச் சாம்பார் ருசி என்பது தென்னாட்டில் விவாதத்துக்கு இடமில்லாத கருத்து. பெரிய பாத்திரத்தில் விறகு நெருப்பில் வேகும் பருப்புக்கு அந்த ருசி வரத்தான் செய்யும். ஊரில் உள்ள எல்லாச் சமயத்தவரையும் கூப்பிடுவது வழக்கம். வர முடியாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் தூக்குச்சட்டியில் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

கத்தோலிக்கரிடமும் அசனம் உண்டு. அங்கே அது பெரும்பாலும் நேர்ச்சை: அந்தோணியாருக்கு வேண்டிக்கொண்ட குடும்பம் தன் செலவில் ஊருக்குப் போடும் சாப்பாடு. சி.எஸ்.ஐ. அசனத்தில் ஒரு குடும்பம் கொடையாளி ஆவதை விடச் சபை முழுவதும் வரி கொடுத்து உண்பதே முறை.

பந்தியும் சாதியும்

சேர்ந்து உண்பது இந்தச் சபைகளின் வரலாற்றில் எளிதாக வந்த காரியம் அல்ல. பாளையங்கோட்டையில் ரேனியஸ் நடத்திய விடுதிப் பள்ளியிலேயே, உயர்சாதிப் பையன்கள் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்ததால் சிக்கல் எழுந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூர், சென்னைப் பகுதிகளில் பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்தினார்கள். சென்னை மிஷனரிகளின் 1850ஆம் ஆண்டு மாநாடு இன்னும் ஒரு படி போய், எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்ண மறுப்பவர் சாதியை விட்டவராகக் கருதப்பட மாட்டார் என்று முடிவு செய்தது. எல்லாரும் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்து அக்காலத்தில் ஒரு பரீட்சையாகவே நடத்தப்பட்டது.

இன்றைய அசனத்தைச் சமபந்தி என்று மேடையில் புகழும்போது இந்தப் பின்புலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊர் முழுக்க ஒரே சாதியாக இருக்கும் சபையில் ஒரே பந்தியில் உட்காருவது எந்தச் சோதனையும் ஆகாது. பல சாதியார் ஒரே கோயிலுக்கு வரும் சேகரங்களில், யார் கையால் சமையல், யார் பரிமாறுவது, முதல் பந்தி யாருக்கு என்பவற்றில்தான் சமத்துவம் தெரியவரும். சில இடங்களில் அது வந்திருக்கிறது. வராத இடங்களும் உண்டு.

அறுப்பின் பண்டிகை

அறுவடை விழாவை ஆங்கிலிக்கன் கோயில்களில் இன்றைய வடிவில் தொடங்கிவைத்தவர், கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் போதகர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், ஆண்டு 1843. கோதுமைக் கதிருக்காக ஏற்பட்ட அந்தப் பண்டிகை தேரிக்காட்டுக்கும் தாமிரபரணிக் கரைக்கும் வந்து, நெல், வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, முருங்கைக்காய், சேவல் என்று வேறு முகம் கொண்டது. முதற்பலனைக் கர்த்தருக்குக் கொடுப்பது வேதத்தில் உள்ளதால் இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கையும் ஏற்கனவே பழகிய ஒன்று.

படைத்தவை ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலத்துக்கு வரும். ஏலம் கூறுபவர் குரல்வளமும் நையாண்டியும் உள்ள ஆளாக இருக்க வேண்டும். சமயங்களில் அவர் ஓய்வு பெற்ற வாத்தியாராக இருப்பார். ஒரு கோழிமுட்டையைத் தூக்கிக் காட்டி, சந்தை விலையிலிருந்து தொடங்குவார். மாமன் மச்சான் போட்டியில் அது ஆயிரத்தைத் தொடும். 'ஒருதரம்… ரெண்டுதரம்…' என்று இழுத்து, எதிர்த்தரப்பின் பெயரைச் சொல்லிச் சீண்டி, அவர் கை தூக்கிய பிறகே 'மூணுதரம்' வரும். எடுத்தவர் முட்டையைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்துவிட்டால் மறுபடி ஏலம். கடைசியில் அது யார் வீட்டுச் சட்டிக்குப் போனது என்பது முக்கியமல்ல. இந்த ஏலம் காணிக்கையைப் பந்தயமாக்குகிறது என்று குறை சொல்லும் குருவானவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனாலும் வருமானத்தைப் பார்த்த கமிட்டி அதை நிறுத்த ஒப்புவதில்லை. கோயிலுக்கு வெள்ளையடிப்பது முதல் மிஷனரி ஊழியம் வரை இப்பணம் போகும். 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலியோர் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் உள்ளூர்க் காணிக்கையில் நடப்பது என்ற கொள்கையோடு எழுந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கீத பவனியும் கிறிஸ்மஸ் மரமும்

டிசம்பரில் பாடகர் குழுவும் வாலிபர் ஐக்கிய சங்கமும் இரவில் வீடு வீடாகப் பாடிச் செல்வது கீத பவனி. பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஆர்மோனியமும் இருந்த இடத்தில் இன்று ஜெனரேட்டர் வைத்த வேனும் கீபோர்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், கையில் காணிக்கைக் கவர். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கருப்பட்டிக் காப்பியும் கிடைக்கும் வீடுகளைக் குழு முன்கூட்டியே அறிந்து வைத்திருக்கும். கடைசி வீட்டை முடிக்கையில் கோழி கூவிவிடும்.

கிறிஸ்மஸ் மரம் என்பது இங்கே மரத்தை மட்டுமல்ல, ஒரு நிகழ்ச்சியையும் குறிக்கும். பிள்ளைகளின் நாடகம், கோலாட்டம் எல்லாம் முடிந்தபின் கிறிஸ்மஸ் தாத்தா பெயர் கூப்பிட்டு ஓய்வுநாள் பள்ளிப் பரிசுகளைக் கொடுப்பார். சோப்புப் பெட்டி, டிபன் பாக்ஸ், வசனப் பலகை இவையே பெரும்பாலான பரிசுகள்.

பவனிகளில் குருத்தோலை ஞாயிறு பவனிக்கும் தனிச் சிறப்பு உண்டு. பனை வளரும் மண்ணில் ஓலைக்குப் பஞ்சமில்லை. இரவோடிரவாகக் குருத்தை வெட்டிச் சிலுவை முடைந்து, காலையில் ஓசன்னா பாடித் தெருச் சுற்றுவார்கள்.

சுற்றுலா

சபையாகப் பயணம் போவது மற்றவற்றை விடப் பிந்திய வழக்கம். உலகப் பயண நிறுவனங்களின் முன்னோடியான தாமஸ் குக், பாப்டிஸ்ட் சபையின் ஊழியராக இருந்தவர்; 1841இல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஆட்களை ரயிலில் கூட்டிப்போனதே அவருடைய முதல் ஏற்பாடு. கோயில் ஆட்களைத் திரட்டி வண்டி பிடிப்பதில் இவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை நம் வேன் உரிமையாளர்களும் அறிவார்கள்.

சாரல் காலத்தில் குற்றாலம், மற்ற நாட்களில் மணிமுத்தாறு, பாபநாசம், கன்னியாகுமரி. பெண்கள் ஐக்கிய சங்கம் போனால் புளியோதரை, எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை, பருப்புத் துவையல் கட்டிப்போகும். வாலிபர் சங்கம் போனால் ஓட்டல். வண்டி புறப்படும் முன் ஜெபம், வழியெல்லாம் கீர்த்தனை, அருவியில் குளித்து முடித்ததும் பாறை நிழலில் ஒரு சிறு ஆராதனை. இதைப் 'பிக்னிக்' என்று மட்டும் சொன்னால் சங்கக் கணக்கில் செலவு ஏறாது; 'ஆவிக்குரிய சுற்றுலா' என்று எழுதுவார்கள்.

இன்னொரு வகை, மிஷனரி ஊர்களைப் பார்க்கப் போவது. கால்டுவெல் 1841இல் வந்து குடியேறிய இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடும், 1880இல் கட்டி முடித்த திரித்துவ ஆலயமும் உள்ளன. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி உயரம்; நெடுந்தூரத்திலேயே வண்டிக்குள் இருக்கும் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கத்துவார்கள். நெடும்பயணம் என்றால் தரங்கம்பாடி: சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய கடற்கரையும் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும். மணப்பாட்டுக்கும் போவார்கள். சவேரியார் தங்கிய குகையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதா, பார்த்துவிட்டு வருவதா என்று பாட்டிமாருக்குள் சின்னத் தயக்கம் எழும். பெரும்பாலும் ஏற்றிவிட்டுத்தான் வருவார்கள், ஐயரும் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பயணத்துக்குப் புறம்பே, கோடையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி, 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார் பிள்ளைகளைத் தெருவிலிருந்து அழைத்து நடத்திய வகுப்பிலிருந்து கிளைத்தது. இங்கே பத்து நாள் பாட்டும் கதையும் கைவேலையும் முடிந்து கடைசி நாள் ஊர்வலம் போகும். வேற்றுச் சமயப் பிள்ளைகளும் தாராளமாக வருவதுண்டு. விளையாட்டுப் போட்டிகளும் உண்டு; சாக்கு ஓட்டமும் எலுமிச்சை–கரண்டி ஓட்டமும் பெரியவர்களுக்கும் வைக்கப்படும். கயிறு இழுக்கும் போட்டியில் கமிட்டி உறுப்பினர்கள் ஒரு பக்கமும் மற்ற சபையார் மறுபக்கமும் நிற்பது பல சேகரங்களில் எழுதப்படாத ஏற்பாடு.

பண்டிகை முடிந்த பின் சபையார் முன் வரவு செலவுக் கணக்கை வாசிக்க வேண்டும் என்பது முறை. தலைக்கட்டு வரி பாக்கி வைத்தவர்களின் பெயரும் சில ஊர்களில் அதோடு வாசிக்கப்படும். அந்தப் பாக்கி தீராமல் கோயிலில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் சபைகளும் உண்டு.