ஒரு கருவி, இரு எசமானர்

இலங்கையில் டயலொக் நிறுவனம் 3ஜி சேவையைத் தொடங்கியது 2006ஆம் ஆண்டில். அடுத்து வந்த ஆண்டுகளில், கம்பித் தொலைபேசி எட்டாத மலையக வீடுகளையும் இணையம் மெல்ல எட்டத் தொடங்கியது. மாத்தளை மாவட்டத்தின் ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துச் செய்தியாளர் ஒருவர், செய்தியைத் தொலைநகலில் அனுப்ப நகருக்கு இறங்க வேண்டிய தேவை குறைந்தது. கணினியின் யூஎஸ்பி துளையில் செருகும் ‘டொங்கிள்’ போதுமானதாயிற்று.

ஆனால் லினக்ஸ் பாவித்தோருக்கு அது எளிதில் கைகூடவில்லை. அந்தக் கருவியை ஆளும் உரிமை யாருடையது என்ற சிக்கல் குறுக்கே நின்றது.

ஹுவாவி இ220 போன்ற டொங்கிள்கள் இரட்டை வேடம் பூண்டவை. செருகியதும் தம்மை இறுவட்டு என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். விண்டோஸுக்கான மென்பொருள் அதற்குள் இருக்கும். அம்மென்பொருள் கட்டளையிட்ட பின்னரே மோடமாக உருமாறும். லினக்ஸின் உட்கருவான கர்னலோ அதை இறுவட்டு என்று நம்பிச் சேமிப்புச் சாதன இயக்கியிடம் ஒப்படைத்துவிடும். யூஎஸ்பி இடைமுகம் ஒன்றுக்கு ஒரு நேரத்தில் ஒருவரே உரிமை கொள்ளலாம் என்பது விதி. ஆகவே மோடம் வெளிவரவே இல்லை.

முதலில் கர்னலுக்குள்ளேயே இ220 கருவிக்கென உருமாற்றக் கட்டளையைச் சேர்த்துப் பார்த்தனர். ஆனால் புதிய டொங்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்காகவும் கர்னலைத் திருத்துவது எங்ஙனம்?

மாற்று வழி ஏற்கனவே இருந்தது. 2001 ஜனவரியில் வெளியான கர்னல் 2.4 பதிப்பிலேயே, பயனர் நிரல் யூஎஸ்பி கருவியுடன் நேரடியாகப் பேசும் வாசல் அமைந்திருந்தது. அவ்வாசலைப் பயன்படுத்தி ஜோசுவா டீட்சே எழுதியதே ‘யூஎஸ்பி மோட்சுவிட்ச்’. அது கர்னல் இயக்கியை விலகச் செய்து, கருவிக்குச் சிறு கட்டளை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கருவி மோடமாக மீண்டும் தோன்றும்; கர்னலின் வேறோர் இயக்கி அதைப் பொறுப்பேற்கும். உருமாற்றக் கட்டளைகளை இனி இங்கே சேர்க்காதீர், அந்நிரலையே பயன்படுத்துவீர் என்று கர்னலின் மூலநிரலிலேயே பின்னர் குறிப்பு எழுதி வைத்தனர்.

ஒரு குறை எஞ்சியிருந்தது. பழைய இயக்கி விலகுவதற்கும் நிரல் உரிமை கோருவதற்கும் இடைப்பட்ட கணத்தில் வேறொருவர் நுழைந்துவிடலாம். 2012இல் ஹான்ஸ் டி கோடே அவ்விரண்டையும் பிரிக்கவியலாத ஒரே செயலாக இணைத்தார்.

இன்று கைப்பேசியே இணையத்தைப் பகிர்ந்தளிக்கிறது. டொங்கிள்கள் பல வீடுகளில் மேசை இழுப்பறைக்குள் முடங்கிவிட்டன. எனினும், உற்பத்தியாளர் லினக்ஸுக்கு மென்பொருள் தரும்வரை மலையகத்துப் பாவனையாளர் காத்திருக்க நேராமற் போனதற்கு, அதிகாரம் மிக்க கர்னல் சற்றே விலகி வழிவிட்டதுதான் காரணம்.