ஓர் எண், மூன்று முறிவுகள்: கார்பன் இழை–எபாக்சி பிணைப்பு வலிமை குறித்த ஒரு மறுவாசிப்பு

கார்பன் இழைக்கும் எபாக்சிப் பிசினுக்கும் இடையிலான பிணைப்பை வலுப்படுத்துவது பற்றிய ஆய்வுகளில் ஒரு வாதம் கேள்வியின்றிப் பயின்று வருகிறது. இழையின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கொண்ட வினைத்தொகுதிகள் பெருகப் பெருக இடைமுகச் சறுக்கு வலிமை உயரும். அது உயர்ந்தால் வேதிப்பிணைப்பு வலுத்தது என்று கொள்ளலாம். இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது ஏயூ4, ஏஎஸ்4, ஏஎஸ்4சி என்னும் மூன்று இழைகளின் வரிசை. அதே வரிசையை நிதானமாகப் படித்தால் அது இந்த வாதத்துக்கு எதிராகவே பேசுகிறது என்பது என் நிலைப்பாடு.

மூன்றும் அடிப்படையில் ஒரே இழைதான். ஏயூ4 மேற்பரப்புப் பதப்படுத்தல் இல்லாதது. ஏஎஸ்4 ஆக்சிஜனேற்றத்தால் பதப்படுத்தப்பட்டது. ஏஎஸ்4சி, பதப்படுத்திய இழைமீது சுமார் 100 நானோமீட்டர் அளவில் எபாக்சிப் பூச்சு பெற்றது. மதுகரும் டிரசலும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றை இழை முறிவுச் சோதனை (பிசினில் பதித்த ஓர் இழை மேலும் துண்டாகாத நிலை வரும்வரை மாதிரியை இழுப்பது) இவற்றுக்கு ஏறத்தாழ 37, 68, 81 மெகாபாஸ்கல் என்ற மதிப்புகளைத் தந்தது. ஒரே ஏணியின் மூன்று படிகள்போல இவை மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆனால் அதே ஆய்வுத் தொடர் முறிந்த விதங்களையும் பதிவு செய்திருக்கிறது. மேற்கோள்களில் விடுபட்டுப்போவது அந்தப் பகுதிதான்.

இழை பதித்த ஒளிபுகும் எபாக்சி மாதிரியை இழுத்தபடி தளவிளைவுற்ற ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்ப்பவருக்கு மூன்றும் மூன்று காட்சிகள். ஏயூ4 இழை அறுந்ததும் பிசினிலிருந்து எளிதில் விடுபடுகிறது. அதன்பின் சுமையைக் கடத்துவது பெரும்பாலும் உராய்வு. ஏஎஸ்4இல் அறுந்த முனையிலிருந்து இடைமுகத்தை ஒட்டியே விரிசல் நகர்கிறது. ஏஎஸ்4சியிலோ விரிசல் இழைக்குக் குறுக்காகப் பிசினுக்குள் பாய்கிறது. இடைமுகம் பெரும்பாலும் பிரியவே இல்லை. அப்படியானால் 37 என்பது உராய்வைச் சார்ந்த எண். 68 என்பது பிரிதலைச் சார்ந்த எண். 81 என்பது பிசினின் முறிவைச் சார்ந்த எண். அலகு ஒன்றாக இருப்பதாலேயே அளக்கப்பட்ட பொருளும் ஒன்றாகிவிடாது.

மூன்றாம் இழையின் உயர்வுக்குப் புதிய வேதிப்பிணைப்பைக் காரணம் காட்டுவதும் கடினம். பூச்சுப்படலத்தில் கடினமாக்கியின் விகிதம் குறைவு. அதனால் அது சுற்றியுள்ள பிசினைவிட விறைப்பானது, எளிதில் நொறுங்குவது என்று டிரசல் குழு 1983இலேயே விளக்கியிருந்தது. விறைத்த படலம் சுமையைத் திறம்படக் கடத்துகிறது. அதே படலம் விரிசலைப் பிசினுக்குள் செலுத்துகிறது. ஏஎஸ்4இன் உயர்விலும்கூட, வலுக்குன்றிய வெளியடுக்கைப் பதப்படுத்தல் அகற்றுவதற்குப் பங்குண்டு என்பதை அக்குழுவின் ஆய்வு வலியுறுத்தியது. வினைத்தொகுதிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இவ்விரண்டும் கண்ணில் படா.

எண்ணைத் தரும் சூத்திரத்தின் பிறப்பிடத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். இழையின் வலிமையை அதன் விட்டத்தால் பெருக்கி, மாறுநிலை நீளத்தின் (இழையை மீண்டும் அறுக்கப் போதுமான சுமை ஏறும் மிகக் குறைந்த துண்டு நீளத்தின்) இருமடங்கால் வகுக்கும் அந்த உறவை, கெல்லியும் டைசனும் 1965இல் செம்பில் பதித்த டங்ஸ்டன், மாலிப்டினம் இழைகளை ஆராய்ந்தபோது வகுத்தார்கள். செம்பு நெகிழ்ந்து கொடுக்கும் உலோகம். இடைமுகம் நெடுகச் சறுக்குத் தகைவு மாறாதிருக்கும் என்ற எடுகோள் அங்கே பொருந்தும். எபாக்சியில் அறுந்த முனையருகே தகைவு குவிகிறது. தள்ளிப்போகத் தள்ளிப்போகத் தணிகிறது. ஆகவே சூத்திரம் தருவது ஒரு சராசரி மட்டுமே.

அந்தச் சராசரியும் நெருடுகிறது. இழுவலிமை 90 மெகாபாஸ்கல் உள்ள நல்ல எபாக்சியும், ஃபோன் மிசஸ் அளவுகோலின்படி சுமார் 52 மெகாபாஸ்கல் சறுக்குத் தகைவில் நெகிழத் தொடங்க வேண்டும். 68உம் 81உம் அந்த எல்லையைத் தாண்டி நிற்கின்றன. இழையை ஒட்டிய பிசின் இறுக்கப்பட்ட நிலையில் இருப்பதால் அதற்கு வலிமை அதிகம் என்று விடை கூறுவார்கள். இருக்கலாம். ஆனால் அந்த விடையை ஏற்றால், நாம் அளப்பது பிணைப்பை அல்ல, இழையை ஒட்டிய பிசினை என்பதையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

இழையின் வலிமை என்ற உள்ளீடும் உறுதியானதன்று. விட்டம் 7 மைக்ரான், வலிமை 4 கிகாபாஸ்கல் என்று கொண்டால், 68 மெகாபாஸ்கலுக்குரிய மாறுநிலை நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர். அத்தனை சிறிய துண்டை நேரடியாக இழுத்துச் சோதிப்பது அரிது. 25 மில்லிமீட்டர் இழையில் கண்ட வலிமையை வைபுல் பரவலைக் கொண்டு நீட்டிக் கணிக்கிறோம். வைபுல் அடுக்கு (இழை வலிமையின் சிதறல் குறையக் குறைய உயரும் எண்) 10 என்றால் வலிமை 1.6 மடங்காகும்; 5 என்றால் 2.6 மடங்கு. இந்த ஒரு தெரிவே இறுதி எண்ணை 60 விழுக்காட்டுக்கு மேல் மாற்றிவிடும்; ஏஎஸ்4இலிருந்து ஏஎஸ்4சிக்குக் கிடைத்த உயர்வோ 20 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரே இழை வரிசைக்குள் இப்பிழை பெருமளவு நீங்கிவிடும் என்பது சரிதான். வெவ்வேறு ஆய்வகங்களின் எண்களை ஒரே அட்டவணையில் அடுக்கும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. 1993இல் வெளியான பல்லாய்வக ஒப்பீட்டில் ஒரே இழைக்கும் ஒரே பிசினுக்கும் மதிப்புகள் பரவலாக வேறுபட்டன.

நுண்துளிச் சோதனையும் இழை உருவல் சோதனையும் இதே திசையைக் காட்டுகின்றனவே என்ற மறுப்பு வலுவற்றது. அவையும் விசையைப் பரப்பால் வகுத்துச் சராசரி காண்பவையே.

சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரே இழையையும் ஒரே பிசினையும் ஒரே கையால் ஒப்பிட அதைவிட எளிய வழி குறைவு. ஆனால் முறிவு விதத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் வெளியிடும் கட்டுரையைப் பிணைப்பு மேம்பட்டதற்குச் சான்றாக ஏற்கக் கூடாது. சோதித்த இழை நீளம், வைபுல் அடுக்கு, துண்டாதல் நிறைவுற்றதா என்ற விவரம், அறுந்த முனையின் ஒளிப்படம் ஆகிய நான்கையும் இதழ்கள் கட்டாயமாக்க வேண்டும். இழைகளை ஒப்பிடும்போது முறிவு விதம் மாறினால், அங்கே எண்களின் வரிசையை நிறுத்திவிட வேண்டும்.

பொருள் வடிவமைப்பில் இதன் விளைவு இன்னும் பெரிது. மிக உயர்ந்த எண்ணையே குறியாகக் கொண்டு இடைமுகத்தை வலுப்படுத்திக்கொண்டே போனால், ஏஎஸ்4சி காட்டியதுபோல விரிசல் பிசினுக்குள் பாய்ந்து அடுத்த இழையின் வாசலுக்கே போய் நிற்கும். அறுந்த இழையைச் சுற்றிச் சிறிது பிரிந்து கொடுத்து, அந்த விரிசலை அங்கேயே மழுங்கடிக்கும் இடைமுகம்தான் பாரம் சுமக்கும் பாகத்துக்கு ஏற்றது. சுமையைக் கடத்தும் அளவுக்கு உறுதியும், விரிசலைத் திருப்பிவிடும் அளவுக்கு விட்டுக்கொடுப்பும் கொண்ட இடைப்படலத்தை உருவாக்குவதே இத்துறையின் இலக்காக இருக்க வேண்டும்.